சோர்ஸிலிருந்து நிறுவிய நாகியோஸை உபுண்டு சர்வரிலிருந்து வேரோடு நீக்குவது எப்படி?

ராணிப்பேட்டை_சர்வர்
வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தின் சர்வர் இது. உபுண்டு 22.04. அபாச்சியில் பில்லிங் செயலி ஓடுகிறது, பின்னால் மைஎஸ்கியூஎல். இதே மெஷினில் சர்வர்களைக் கண்காணிக்கும் நாகியோஸ் கோர் 4, அதன் பிளக்இன்கள், வேறு மெஷினிலிருந்து அந்தப் பிளக்இன்களை ஓட்டவிடும் என்ஆர்பிஇ மூன்றையும் சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து போட்டிருக்கிறார்கள். கூடவே ப்ரோமிதியஸ் என்ற இன்னொரு கண்காணிப்புக் கருவிக்கு அளவீடுகளைக் கொடுக்கும் நோட் எக்ஸ்போர்ட்டரும் இருக்கிறது. போட்டவர் ஒப்பந்தம் முடிந்து போய்விட்டார். குறிப்பு எதுவும் இல்லை, சோர்ஸ் டைரக்டரியும் இல்லை.

கண்காணிப்பு முழுக்க வேறு சர்வருக்கு மாறிவிட்டதால் இங்கே எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. ஆப்ட் பர்ஜ் கொடுத்தால் அப்படி ஒரு பேக்கேஜே நிறுவப்படவில்லை என்கிறது. வரும் சனிக்கிழமை எங்கள் ஃபீடரில் மாதாந்திர பராமரிப்பு மின்தடை. அன்றைக்கு மெஷின் எப்படியும் ஒரு முறை அணைந்து எழும். அதற்குள் முடிக்க வேண்டும். எந்த வரிசையில் செய்வது?

ஆம்பூர்_நிர்வாகி
நாகியோஸை சோர்ஸிலிருந்து போட்டால் எல்லாமே /யூஎஸ்ஆர்/லோக்கல்/நாகியோஸ் என்ற ஒரே டைரக்டரிக்குள்தான் போகும். சர்வீஸை நிறுத்திவிட்டு அந்த டைரக்டரியை ஆர்எம் -ஆர்எஃப் கொடுத்தால் போதுமே.

காட்பாடி_ரூட்
ஆம்பூர் தம்பி, பைனரி, கான்ஃபிக், லாக் எல்லாம் அந்த டைரக்டரிக்குள் இருப்பது உண்மைதான். ஆனால் தொந்தரவு கொடுக்கப்போவது அதற்கு வெளியே இருப்பவை. சிஸ்டம்டி யூனிட், அபாச்சி கான்ஃபிக், பயனர் கணக்கு, குழு, சூடோ அனுமதி, கிரான், ஃபயர்வால் விதி, டேட்டாபேஸ் கணக்கு, பக்கத்து சர்வர்களில் போட்டு வைத்த எஸ்எஸ்எச் சாவி என்று ஒன்பது இடம் இருக்கிறது. பேக்கேஜாகப் போட்டிருந்தால் எந்தக் கோப்பு யாருடையது என்று டிபிகேஜி கணக்கு வைத்திருக்கும். கையால் போட்டதற்கு அந்தக் கணக்கு கிடையாது. அதனால் முதல் வேலை அந்தக் கணக்கை நாமே எழுதுவது. ஒரு கோப்பைக்கூட அதற்கு முன் தொடாதீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் புராசஸிலிருந்து பின்னோக்கிப் போங்கள். புராசஸ் உயிரோடு இருக்கும்போதுதான் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லும். நிறுத்திவிட்டால் தேட வேண்டியிருக்கும்.

எஸ்எஸ் -டியூஎல்பிஎன் கொடுத்து எந்த போர்ட்டில் யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள். என்ஆர்பிஇ 5666-இலும் நோட் எக்ஸ்போர்ட்டர் 9100-இலும் இருக்கும். ஜாபிக்ஸ் ஏஜென்ட் 10050, நெட்டேட்டா 19999. இவையும் கண்ணில் பட்டால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் பலதையும் போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருக்கலாம். கிடைத்த புராசஸ் எண்ணை வைத்து

எல்எஸ் -எல் /ப்ராக்/புராசஸ்_எண்/இஎக்ஸ்இ

கொடுத்தால் பைனரியின் முழுப் பாதை வரும். அந்தப் பாதையை டிபிகேஜி -எஸ் (இங்கே பெரிய எழுத்து எஸ்) கொண்டு கேளுங்கள். எந்த பேக்கேஜும் உரிமை கோரவில்லை என்றால் அது பெரும்பாலும் கையால் போட்டது. பேக்கேஜ் பெயர் வந்தால் அதை ஆப்ட் வழியாகத்தான் நீக்க வேண்டும், கையால் அழிக்கக் கூடாது.

அடுத்து சிஸ்டம்சிடிஎல் கேட் நாகியோஸ். யூனிட் கோப்பு எங்கே இருக்கிறது, அதன் மேல் யாராவது ஓவர்ரைடு போட்டிருக்கிறார்களா என்று இரண்டையும் சேர்த்தே காட்டும். என்ஆர்பிஇ-க்கும் நோட் எக்ஸ்போர்ட்டருக்கும் இதையே செய்யுங்கள்.

கடைசியாக, கிரெப் -ஆர்ஐஎல் நாகியோஸ் /ஈடிசி. இதில் ஆர், ஐ இரண்டும் பெரிய எழுத்து, எல் சின்ன எழுத்து. பெயர் வரும் எல்லாக் கோப்பும் பட்டியலாக வரும். என்ஆர்பிஇ, நோட்_எக்ஸ்போர்ட்டர் என்ற பெயர்களுக்கும் தனித்தனியாகத் தேடுங்கள். வருவதை இங்கே போடுங்கள், பார்த்துவிட்டு மேலே போவோம்.

ராணிப்பேட்டை_சர்வர்
நன்றி அண்ணா. கிரெப்பில் வந்தவை: அபாச்சியின் சைட்ஸ்-அவைலபிள், சைட்ஸ்-எனேபிள்டு இரண்டிலும் நாகியோஸ்.கான்ஃப், சூடோயர்ஸ்.டி-க்குள் நாகியோஸ் என்று ஒரு கோப்பு. /ஈடிசி/சர்வீசஸ்-இல் என்ஆர்பிஇ 5666 என்று ஒரு வரி. பாஸ்வேர்டு கோப்பு, குரூப் கோப்பு, அவற்றின் பழைய நகல்கள். ஏலியாசஸ் கோப்பில் ஒரு வரி. நாகியோஸ், என்ஆர்பிஇ யூனிட்கள் /லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம்-இல் இருக்கின்றன. நோட் எக்ஸ்போர்ட்டருடையது /ஈடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம்-இல். நாகியோஸ் கணக்கின் எண் 1001.

காட்பாடி_ரூட்
நல்லது. இப்போது காப்பு. /யூஎஸ்ஆர்/லோக்கல்/நாகியோஸ்/ஈடிசி மொத்தத்தையும், மேலே சொன்ன எல்லாக் கோப்புகளையும் ஒரே டார் கோப்பாக்கி வேறு மெஷினுக்கு எடுத்துப் போய்விடுங்கள். வார் டைரக்டரி வேண்டாம். அதில் பழைய லாக்தான் நிறைய இருக்கும்.

பிறகு நிறுத்துவது. மூன்றுக்கும்

சிஸ்டம்சிடிஎல் டிசேபிள் --நவ் நாகியோஸ்

என்ற மாதிரி. யூனிட் கோப்பை அழிப்பதற்கு முன்னால் டிசேபிள் நடந்திருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மல்டி-யூசர்.டார்கெட்.வான்ட்ஸ் டைரக்டரியில் எங்கேயும் போய்ச் சேராத ஒரு சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்பு) தொங்கிக்கொண்டு நிற்கும். வெறும் கில் கொடுத்தும் நிறுத்தாதீர்கள். நோட் எக்ஸ்போர்ட்டர் யூனிட்டில் பலரும் ரீஸ்டார்ட்=ஆல்வேஸ் என்று எழுதுகிறார்கள். கில் கொடுத்த அடுத்த நொடி அது திரும்ப எழுந்துவிடும்.

நிறுத்திய பிறகு பிஎஸ் -யூ நாகியோஸ் கொடுத்து அந்தக் கணக்கின் பெயரில் ஒன்றும் ஓடவில்லை என்று உறுதி செய்யுங்கள். ஒன்று ஓடிக்கொண்டிருந்தாலும் பிற்பாடு யூசர்டெல் மறுத்துவிடும். எந்தப் புராசஸ் தடுக்கிறது என்று எண்ணோடு சொல்லும். புராசஸ் ஓடும்போதே பைனரியையோ லாக்கையோ அழித்தால் கோப்பின் பெயர் போகும், இடம் திரும்பக் கிடைக்காது. எல்எஸ்ஓஎஃப் +எல்1 அந்த மாதிரிக் கோப்புகளைக் காட்டும்.

இப்போது யூனிட் கோப்புகள் மூன்றையும் ஓவர்ரைடு டைரக்டரி இருந்தால் அதையும் அழித்து, சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோடு, அதன் பின் சிஸ்டம்சிடிஎல் ரீசெட்-ஃபெயில்டு.

பாலாற்றங்கரை
அபாச்சி விஷயத்தில் ஒன்று சொல்லணும். இதைக் கவனிக்காமல் விட்டால் சனிக்கிழமை பில்லிங் எழாது.

நாகியோஸின் மேக் இன்ஸ்டால்-வெப்கான்ஃப் உபுண்டுவில் கோப்பை சைட்ஸ்-அவைலபிளில் வைத்துவிட்டு சைட்ஸ்-எனேபிள்டில் ஒரு சிம்லிங்க் மட்டும் போடும். நிறைய பேர் அவைலபிளில் இருக்கும் கோப்பை அழித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். லிங்க் அங்கயே கீது. ஓடிக்கொண்டிருக்கும் அபாச்சி ஒன்றும் சொல்லாது, ஏனென்றால் அது கான்ஃபிக்கை ஏற்கெனவே படித்து முடித்துவிட்டது. மின்சாரம் போய் வந்து புதிதாகத் தொடங்கும்போது அந்த லிங்க்கைத் திறக்கப் பார்க்கும், கோப்பு கிடைக்காது, கான்ஃபிகரேஷன் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று சொல்லி மொத்த அபாச்சியும் நின்றுவிடும். நாகியோஸுக்கும் பில்லிங்குக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் பில்லிங் போய்விடும். அதுவும் வேலையைச் செய்து முடித்து நான்கு நாள் கழித்து. அப்போது யாரும் இந்த நீக்கத்தை நினைத்துப் பார்க்க மாட்டார்கள்.

அதனால் முதலில் ஏ2டிஸ்சைட் நாகியோஸ், பிறகு அவைலபிளில் இருக்கும் கோப்பை அழிப்பது, பிறகு அபாச்சி2சிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட். சின்டாக்ஸ் ஓகே வந்தால் ரீலோடு போதாது, ரீஸ்டார்ட்டே கொடுங்கள். வேலை நேரத்திற்கு வெளியே கொடுங்கள்.

நாகியோஸுக்காக சிஜிஐ, ரீரைட் என்று இரண்டு மாட்யூல்களை இயக்கச் சொல்வார்கள். ரீரைட்டை உங்கள் பில்லிங் செயலியும் பயன்படுத்தும் வாய்ப்பு அதிகம், அதைத் தொடாதீர்கள். வேறு எந்தக் கான்ஃபிக்கிலும் ஸ்கிரிப்ட்ஏலியாஸ், எக்ஸெக்சிஜிஐ இல்லையென்றால் சிஜிஐ-யை மட்டும் ஏ2டிஸ்மோட் கொண்டு நிறுத்தலாம்.

ஆம்பூர்_நிர்வாகி
புரிகிறது அண்ணா. சரி, நாகியோஸ் டைரக்டரியையாவது இப்போது அழித்துவிடலாம் இல்லையா? இல்லை, சோர்ஸை மறுபடி இறக்கி மேக் அன்இன்ஸ்டால் கொடுப்பது நல்லதா?

காட்பாடி_ரூட்
பிளக்இன் தொகுப்பு ஆட்டோமேக் முறையில் கட்டியது, அதில் மேக் அன்இன்ஸ்டால் வேலை செய்யும். ஆனால் அதே பதிப்பின் சோர்ஸ் வேண்டும், அன்றைக்குக் கொடுத்த அதே கான்ஃபிகர் தேர்வுகளும் வேண்டும். ப்ரிஃபிக்ஸ் (நிறுவும் இடம்) மாறினால் வேறு இடத்தில் போய் அழிக்கும். முயற்சி செய்வதென்றால் மேக் -என் அன்இன்ஸ்டால் கொடுத்து என்ன செய்யப்போகிறது என்று முதலில் படியுங்கள். இந்த சர்வரில் எல்லாம் ஒரே டைரக்டரிக்குள் இருப்பதால் அது தேவையில்லை. மேலும், யாராவது கையால் எழுதி, பிளக்இன்கள் இருக்கும் லிப்எக்ஸெக் டைரக்டரியில் போட்ட ஸ்கிரிப்ட்களைப் பற்றி மேக் அன்இன்ஸ்டாலுக்கு ஒன்றும் தெரியாது.

அந்த லிப்எக்ஸெக்-தான் எனக்குக் கவலை. அதில் செக்_டிஸ்க் மாதிரி கருவிகள் இருக்கும். பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதியவர், டேப்பில் இடம் இருக்கிறதா, டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்க்க அதையே கூப்பிட்டிருக்கலாம். அழித்தால் ஸ்கிரிப்ட் தோற்கும், பேக்கப் நிற்கும். எனவே /ஈடிசி/கிரான்*, /வார்/ஸ்பூல்/கிரான், /ஆப்ட், /ரூட் எல்லாவற்றிலும் லிப்எக்ஸெக் என்ற சொல்லைத் தேடுங்கள்.

தேடிய பிறகும் உடனே அழிக்காதீர்கள். பெயரை மாற்றி ஒரு வாரம் வையுங்கள்:

எம்வி /யூஎஸ்ஆர்/லோக்கல்/நாகியோஸ் /யூஎஸ்ஆர்/லோக்கல்/நாகியோஸ்.பழசு

எதாவது அதை நம்பியிருந்தால் இந்த வாரத்தில் தெரிந்துவிடும், ஒரே கட்டளையில் பழையபடி கொண்டுவரலாம். ஆனால் இதில் ஒரு பாதுகாப்புச் சிக்கல் இருக்கிறது. செக்_ஐசிஎம்பி, செக்_டிஎச்சிபி இரண்டும் ரூட்டின் செட்யூஐடி பிட்டோடு நிறுவப்படுபவை. பெயர் மாற்றினாலும் அந்த பிட் அப்படியே இருக்கும். யார் வேண்டுமானாலும் ரூட் அதிகாரத்தோடு ஓட்டக்கூடிய, இனி யாரும் அப்டேட் செய்யப்போகாத பைனரி அது. ஃபைண்ட்-இல் -பெர்ம் -4000 கொடுத்துத் தேடி அவற்றுக்கு சிஎச்மோட் யூ-எஸ் போடுங்கள். டைரக்டரிக்கு உரிமையாளர் ரூட், அனுமதி 700.

வாலாஜா_வலை
ஃபயர்வால் பகுதி. யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ் நம்பர்டு கொடுத்தால் விதிகள் எண்ணோடு வரும். எண்ணைச் சொல்லி அழிக்கும்போது ஒன்றை அழித்ததும் அதன் கீழே உள்ளவை எல்லாம் ஒரு எண் மேலேறிவிடும். 3, 7 என்று குறித்து வைத்து 3-ஐ முதலில் அழித்தால், 7 என்று அடுத்துக் கொடுக்கும்போது வேறொரு விதி போய்விடும். அது எஸ்எஸ்எச் விதியாக இருந்தால் நீங்கள் நேரில் போய் மானிட்டர் சொருகித்தான் சரிசெய்ய வேண்டும். பெரிய எண்ணிலிருந்து கீழே வாருங்கள். ஐபிவி6 விதி தனியாகக் கடைசியில் இருக்கும், அதையும் பாருங்கள்.

பிராட்பேண்ட் ரூட்டரில் 5666-க்கு போர்ட் ஃபார்வர்டு போட்டிருந்தால் அதையும் எடுங்கள். உள்ளே சர்வீஸ் போனாலும் வெளிக்கதவு திறந்தே இருக்கும். என்ஆர்பிஇ.சிஎஃப்ஜி-யில் டோன்ட்_பிளேம்_என்ஆர்பிஇ=1 என்று இருந்ததா? அது 1 என்றால் வெளியிலிருந்து கட்டளைக்கு ஆர்கியூமென்ட் அனுப்ப விட்டிருக்கிறார்கள். இத்தனை நாள் எந்த ஐபிக்குத் திறந்திருந்தது என்று அலவ்டு_ஹோஸ்ட்ஸ் வரியைப் படித்துப் பாருங்கள்.

ஆல்மாலினக்ஸ், ராக்கி வைத்திருப்பவர்களுக்கு: ஃபயர்வால்-சிஎம்டி-யில் --பெர்மனென்ட் சேர்த்து போர்ட்டை எடுத்துவிட்டு --ரீலோடு கொடுக்க வேண்டும். எஸ்இலினக்ஸில் கையால் செய்த மாற்றம் ஏதாவது உண்டா என்று செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் -எல் -சி (பெரிய சி) காட்டும்.

சத்துவாச்சாரி_டிபிஏ
மைஎஸ்கியூஎல் பக்கம் யாரும் சொல்லவில்லை. கண்காணிப்புக்கென்று ஒரு கணக்கு நிச்சயம் இருக்கும். மைஎஸ்கியூஎல்.யூசர் டேபிளில் யூசர், ஹோஸ்ட் இரண்டு நெடுவரிசைகளையும் எடுத்துப் பாருங்கள். நாகியோஸ்@லோக்கல்ஹோஸ்ட், நாகியோஸ்@% இரண்டும் வெவ்வேறு கணக்குகள். ட்ராப் யூசர் நாகியோஸ் என்று ஹோஸ்ட் சொல்லாமல் கொடுத்தால் % உள்ளது மட்டும் போகும், லோக்கல்ஹோஸ்ட் கணக்கு அப்படியே நிற்கும்.

உடனே ட்ராப் வேண்டாம். ஷோ கிரான்ட்ஸ் எடுத்துக் காப்பில் சேர்த்துவிட்டு, ஆல்டர் யூசர் வழியாக அக்கவுன்ட் லாக் போடுங்கள். வேறு ரிப்போர்ட் ஏதாவது அதே கணக்கில் நுழைந்துகொண்டிருந்தால் புதிய இணைப்பு மறுக்கப்பட்டு வெளிச்சத்துக்கு வரும். பெர்ஃபார்மன்ஸ்_ஸ்கீமா.அக்கவுன்ட்ஸ் டேபிளில் சர்வர் எழுந்ததிலிருந்து எந்தக் கணக்கில் எத்தனை இணைப்பு வந்தது என்ற எண்ணிக்கையும் இருக்கிறது. ஒரு வாரம் பார்த்துவிட்டு ட்ராப் செய்யலாம். கடவுச்சொல் எழுதிய .மை.சிஎன்எஃப் கோப்பு கணக்கின் ஹோம் டைரக்டரியில் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

ராணிப்பேட்டை_சர்வர்
மேடம் சொன்னபடி இரண்டு கணக்கும் இருந்தன, பூட்டிவிட்டேன். 5666 வெளியே திறந்திருக்கவில்லை. டோன்ட்_பிளேம் 0-தான். அபாச்சி ரீஸ்டார்ட் ஆகி நன்றாக இருக்கிறது. சூடோயர்ஸ்.டி கோப்பை அழித்து விஐசூடோ -சி கொடுத்தேன், பிழை இல்லை.

இப்போது யூசர்டெல் நாகியோஸ் கொடுத்தேன். கணக்கு போய்விட்டது, ஆனால் நாகியோஸ் குழுவில் வேறு உறுப்பினர்கள் இருப்பதால் குழுவை நீக்கவில்லை என்று வந்தது. இது சரியா?

காட்பாடி_ரூட்
சரிதான். நாகியோஸ் வெப் பக்கத்திலிருந்து கட்டளை அனுப்ப, அபாச்சி ஓடும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா கணக்கை அந்தக் குழுவில் சேர்த்திருப்பார்கள். ஜிபாஸ்டபிள்யூடி -டி டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா நாகியோஸ், பிறகு குரூப்டெல் நாகியோஸ். பழைய முறைப்படி நிறுவியிருந்தால் நாக்சிஎம்டி என்று இன்னொரு குழுவும் இருக்கும், கெட்என்ட் குரூப் கொடுத்துப் பாருங்கள். அபாச்சியை இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்தால்தான் ஓடும் புராசஸ்கள் பழைய குழுவை விடும்.

கணக்கை நீக்கும் முன் கிரான்டேப் -யூ நாகியோஸ் -எல் பார்த்திருக்க வேண்டும். இப்போது அந்தக் கட்டளை அப்படி ஒரு பயனர் இல்லை என்று சொல்லிவிடும். பரவாயில்லை, /வார்/ஸ்பூல்/கிரான்/கிரான்டேப்ஸ்-க்குள் நாகியோஸ் என்ற பெயரில் கோப்பு இருக்கிறதா என்று நேரடியாகப் பாருங்கள். பின்னால் யாராவது அதே பெயரில் கணக்கு திறந்தால் பழைய வேலைகள் மறுபடி ஓடத் தொடங்கலாம்.

அடுத்தது முக்கியம். அந்தக் கணக்கின் எண் 1001. நாகியோஸின் நிறுவல் முறை இதைச் சாதாரண ஆள் கணக்கு மாதிரிதான் திறக்கிறது, 1000-க்குக் கீழே சிஸ்டம் எண்ணாகத் திறப்பதில்லை. 1001-தான் கடைசி எண் என்றால், அடுத்து வேலைக்குச் சேர்பவருக்கு நீங்கள் கணக்கு திறக்கும்போது அதே எண் போகும். டிஸ்க்கில் மிச்சம் இருக்கும் நாகியோஸ் கோப்புகள் எல்லாம் அவருடையதாகிவிடும். லினக்ஸ் கோப்பில் எழுதி வைப்பது எண்ணைத்தான், பெயரை அல்ல. எனவே

ஃபைண்ட் / -எக்ஸ்டெவ் \( -நோயூசர் -ஓ -நோகுரூப் \) -எல்எஸ்

அடைப்புக்குறி கட்டாயம். இல்லாவிட்டால் -எல்எஸ் இரண்டாவது நிபந்தனைக்கு மட்டும் போகும், பாதிப் பட்டியல்தான் வரும். -எக்ஸ்டெவ் போட்டால் தனியாக மவுன்ட் ஆன டிஸ்க்குகளுக்குள் போகாது, /வார், /ஹோம், பேக்கப் டிஸ்க் தனித்தனி என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை ஓட்டுங்கள்.

பாலாற்றங்கரை
நோட் எக்ஸ்போர்ட்டர் சின்னதுதான். /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்-இல் ஒரே பைனரி, ஒரு யூனிட், ஒரு கணக்கு. ஆனால் யூனிட்டில் டெக்ஸ்ட்ஃபைல் டைரக்டரி என்று ஒரு பாதை கொடுத்திருந்தால், அதில் .ப்ரோம் கோப்பு எழுதும் கிரான் ஸ்கிரிப்ட் தனியாக எங்கோ இருக்கும். எக்ஸ்போர்ட்டர் போன பிறகும் அது ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் எழுதிக்கொண்டே இருக்கும்.

/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் என்பது எல்லோருக்கும் பொதுவான இடம், நட்சத்திரக் குறி போட்டு அங்கே எதையும் அழிக்காதீர்கள்.

ஆம்பூர்_நிர்வாகி
புதுக் கண்காணிப்பு சர்வரிலும் இந்த மெஷினின் பழைய பதிவு இருக்குமே?

காட்பாடி_ரூட்
நல்ல கேள்வி தம்பி. அங்கேயும் நாகியோஸ் என்றால் ஹோஸ்ட் பதிவை மட்டும் அழித்தால் போதாது. ஹோஸ்ட்குரூப்பின் உறுப்பினர் வரியிலும் பெயர் இருக்கும். இங்கே பல நிறுவனங்களில் வேலூர் என்று ஒரே குரூப்பில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் கலந்திருக்கும், 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிவதற்கு முன்னால் வைத்த பெயர்கள் அவை. ஒரு இடத்தில் பெயர் மிச்சம் இருந்தாலும் கான்ஃபிக் சரிபார்ப்பு தோற்கும். நாகியோஸ் -வி கொடுத்து சரிபார்த்த பிறகே ரீஸ்டார்ட். ப்ரோமிதியஸ் என்றால் டார்கெட் பட்டியலில் 9100 வரியை எடுத்து ப்ரோம்டூல் செக் கான்ஃபிக், பிறகு ரீலோடு. எடுக்காவிட்டால், மெஷின் பதில் தருகிறதா என்று சொல்லும் அப் மதிப்பு 0 என்று இரவெல்லாம் அலர்ட் அடிக்கும்.

ராணிப்பேட்டை_சர்வர்
ஃபைண்ட் ஓட்டினேன். பழசு டைரக்டரி தவிர மூன்று இடம் வந்தது: /டிஎம்பி-யில் ஒரு லாக், பேக்கப் டிஸ்க்கில் கான்ஃபிக் நகல்கள் உள்ள ஒரு டைரக்டரி, பிறகு /ஹோம்/நாகியோஸ். அதற்குள் .எஸ்எஸ்எச், அதில் ஐடி_இடி25519 என்று ஒரு சாவி.

காட்பாடி_ரூட்
அந்தச் சாவியை அழிப்பதற்கு முன் அதன் .பப் கோப்பைத் திறந்து வரியை நகலெடுத்துக்கொள்ளுங்கள். செக்_பை_எஸ்எஸ்எச் வழியாக இங்கிருந்து வேறு சர்வர்களுக்குள் நுழைந்திருக்கிறார்கள். நோன்_ஹோஸ்ட்ஸ் கோப்பும் கூடவே இருந்தால் எந்தெந்த மெஷின் என்று தெரியும். பெயர்கள் ஹாஷ் செய்யப்பட்டிருந்தால் படிக்க முடியாது, பழைய நாகியோஸ் கான்ஃபிக்கில் ஹோஸ்ட் முகவரிகளைப் பாருங்கள். ஒவ்வொரு மெஷினிலும் ஆத்தரைஸ்டு_கீஸ்-இல் அந்த வரியை நீக்கிவிட்டு, அதன் பிறகு இங்கே சாவியை அழியுங்கள். இந்தச் சாவியின் நகல் வேறு யாரிடமாவது இருந்தால் இங்கே அழிப்பதால் ஒன்றும் ஆகாது. கதவுப் பக்கம் பூட்டை மாற்ற வேண்டும்.

கான்ஃபிக் நகல்களுக்கு உரிமையாளர் ரூட் என்று மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

ராணிப்பேட்டை_சர்வர்
ஆம்பூர், வாணியம்பாடி கிடங்குகளில் இருக்கும் இரண்டு சர்வர்களில் அந்த வரி இருந்தது. ஆம்பூரில் ரூட் கணக்கிலேயே இருந்தது. இரண்டிலும் எடுத்துவிட்டேன், பழைய சாவியை வைத்து நுழைந்து பார்த்தேன், அனுமதி மறுக்கப்பட்டது. அதன் பிறகு சாவியை அழித்தேன்.

மின்தடைக்கு முன்னால் நேற்றிரவு 9 மணிக்கு நானே ஒரு ரீபூட் கொடுத்தேன். சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு காட்டிய யூனிட் 0. எஸ்எஸ் பட்டியலில் 22, 80, 443, 3306 மட்டும். பில்லிங் எழுந்தது, இரவு பேக்கப்பும் ஓடியிருக்கிறது. பழசு டைரக்டரியையும் பூட்டிய மைஎஸ்கியூஎல் கணக்குகளையும் அடுத்த வெள்ளிக்கிழமை நீக்குகிறேன்.

சத்துவாச்சாரி_டிபிஏ
வெள்ளி வரை மாத இறுதி ரிப்போர்ட் ஏதும் ஓடாது என்றால் மாதம் முடியும்வரை கணக்குகளைப் பூட்டியபடியே விடுங்கள். மாதம் ஒரு முறை மட்டும் ஓடும் ரிப்போர்ட் ஒரு வாரத்தில் கண்ணில் படாது.

ராணிப்பேட்டை_சர்வர்
ஆமாம் மேடம், ஜிஎஸ்டி ரிப்போர்ட் ஒன்று மாதக் கடைசியில் ஓடும். 1-ஆம் தேதி வரை விட்டுவைக்கிறேன்.